மரக்கானாவில் நிற்க இடமில்லை

2014 உலகக் கிண்ணத்துக்காக பிரேசில் தன்னுடைய மரக்கானா மைதானத்தைத் திருத்துவதற்கு நூறு கோடிக்கும் அதிகமான பிரேசில் ரியால் செலவழித்தது. அந்த உலகக் கிண்ணத்தில் பிரேசில் அணி அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அட்டவணை அப்படி. இறுதியாட்டத்துக்குப் போனால் மட்டும்தான் ரியோவில் ஆடக் கிடைக்கும். அரையிறுதியிலேயே, பெலோ ஒரிசோன்ட்டே நகரத்தில், ஜேர்மனியிடம் 7–1. மிச்சம் எல்லாருக்கும் தெரியும்.

இதை வைத்து எவ்வளவோ பகிடி வந்துவிட்டது. நாங்கள் இங்கே கதைக்க நினைப்பது மரக்கானாவில் முன்னர் இருந்து, இப்போது இல்லாமல் போய்விட்ட ஓர் இடத்தைப் பற்றி. மைதானத்தின் கீழ்வட்டத்தில், புல்லை ஒட்டினமாதிரி, நின்றுகொண்டு ஆட்டம் பார்க்கிற பகுதி ஒன்று இருந்தது. அதற்கு 'ஜெரால்' என்று பெயர். போர்த்துக்கேய மொழியில் 'பொது' என்று அர்த்தம். எங்கட பழைய தியேட்டர்களில் 'கலரி' என்று ஒன்று இருந்ததாக வீட்டில் பெரியாக்கள் சொல்லுவார்கள் அல்லவா, ஆகக் குறைந்த காசுக்கு, திரைக்கு ஆகக் கிட்ட, கழுத்து நோக நோகப் பார்க்கிற இடம்? கிட்டத்தட்ட அதுதான். உலகக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்ட ஒரு மைதானத்தில் ஏழைச் சனத்துக்கென்று இருந்த அந்த இடம், 55 வருடம் கழித்து இன்னும் பெரிய போட்டிகளுக்காக மைதானத்தை 'மேம்படுத்துகிறோம்' என்ற பெயரில் எப்படி இல்லாமல் போனது? ரியோ மைதானத்தின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு வாசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தால் 1942, 1946 உலகக் கிண்ணங்கள் நடக்கவில்லை. 1946இல் லக்சம்பேர்க்கில் கூடிய பீஃபா மாநாடு அடுத்த போட்டியை பிரேசிலுக்குக் கொடுத்தது. ஐரோப்பா இடிபாடாகக் கிடந்த காலம். பிரேசிலுக்கோ தன்னை ஒரு நவீன தேசமாக உலகத்துக்குக் காட்டவேண்டிய ஆசை. ரியோ அப்போது நாட்டின் தலைநகரம். பழைய குதிரைப் பந்தயத் திடல் ஒன்று இருந்த காணியில் உலகத்திலேயே பெரிய உதைபந்தாட்ட மைதானத்தைக் கட்டுவது என்று முடிவானது. பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் பெயர்தான் மரக்கானா. ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே அந்தக் கரையில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் தூப்பி மொழியில் அது ஒரு வகைக் கிளியின் பெயர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. நகரசபையில் இருந்த கார்லோஸ் லசேர்டா, பிற்காலத்தில் பெரிய அரசியல்வாதியாக ஆனவர், செலவையும் இடத்தையும் எதிர்த்தார். மைதானத்தை ஊருக்கு வெளியே ஜகரேபாகுவாவில் கட்டச் சொன்னார். மறுபக்கத்தில் நின்றவர் மாரியோ ஃபில்யோ என்ற பத்திரிகைக்காரர். 'ஜோர்னல் டோஸ் ஸ்போர்ட்ஸ்' என்ற அவருடைய விளையாட்டுப் பத்திரிகை இந்த மைதானத்துக்காகவே பிரசாரம் செய்தது. நகரத்தின் நடுவில், சனம் நடந்தும் ரயிலிலும் வரக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். பிரேசில் உதைபந்தாட்டத்தில் கறுப்பினத்தவரின் வரலாறு பற்றி 1947இல் புத்தகம் எழுதினவரும் அவர்தான். தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பணக்காரக் கழகங்களின் விளையாட்டாக இருந்த ஒன்றுக்குள் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் எப்படிப் போராடி நுழைந்தார்கள் என்பதே அந்தப் புத்தகம். ஆக, மைதானம் எல்லாருக்குமானதாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு வெறும் வாய்ப்பேச்சு அல்ல. 1966இல் அவர் இறந்தபிறகு மைதானத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். உத்தியோகபூர்வமாக அது இன்றைக்கும் மாரியோ ஃபில்யோ மைதானம்தான். ஆனால் அப்படி ஒருத்தரும் கூப்பிடுவதில்லை.

1948 ஓகஸ்ட்டில் வேலை தொடங்கியது. இரண்டு வருடம்கூட இல்லை. 1950 யூன் 16இல் திறந்தபோதும் சாரங்கள் கழற்றப்படவில்லை. ரியோ, சாவோ பாவுலோ இளையோர் அணிகள் மோதிய அந்த முதல் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் டீடி என்ற இளைஞர். எட்டு வருடம் கழித்து சுவீடனில் உலகக் கிண்ணத்தின் சிறந்த வீரராக வந்தவர் அவர்தான். வேலை எவ்வளவு அரைகுறையாக இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம்: பிரேசிலுடன் ஆட வந்த யூகோஸ்லாவிய வீரர் ராய்க்கோ மிட்டிச், மைதானத்துக்குள் ஏறி வரும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்பில் தலையை இடித்துக் காயப்பட்டார். அவருக்குக் கட்டுப்போட்டு முடிக்கும்வரை யூகோஸ்லாவியா பத்துப் பேரோடு ஆடவேண்டி வந்தது. கட்டட வேலை முழுமையாக முடிந்தது 1965இல்.

1950 யூலை 16 பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. அந்த முறை தனி இறுதியாட்டம் கிடையாது, நாலு அணிகள் மோதுகிற இறுதிச் சுற்றுத்தான். பிரேசில் சுவீடனை 7–1, ஸ்பெயினை 6–1 என்று அடித்துவிட்டு வந்திருந்தது. (ஆம், அந்த 7–1 இதே மைதானத்தில், பிரேசில் அடித்தது.) உருகுவேயுடன் சமநிலை எடுத்தாலே போதும். காசு கொடுத்து வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். மொத்தம் இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட என்பது பொதுவான மதிப்பீடு. அப்போது ரியோவின் சனத்தொகை 24 இலட்சத்தைத் தொடவில்லை. அப்படியென்றால் நகரத்தில் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஒரே கட்டடத்துக்குள் இருந்த மாதிரி. ஆட்டத்துக்கு முன்னம் மேயர் ஒலிபெருக்கியில் வீரர்களைச் சம்பியன்கள் என்றே விளித்து, நான் மைதானத்தைக் கட்டித் தந்துவிட்டேன், இனி உங்கள் கடமையைச் செய்யுங்கள் என்ற கருத்தில் பேசினார். உருகுவே 2–1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்த கீஜா, மரக்கானாவை மௌனமாக்கிய மூன்று பேரில் தானும் ஒருவர் என்று பிற்காலத்தில் சொல்லுவாராம். மற்ற இருவர் பாப்பரசரும் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவும். அவர் இறந்ததும் ஒரு யூலை 16இல்தான், 2015இல்.

தோல்விக்கு யார் பழி சுமந்தார்கள் என்பதில் எங்களுக்குக் கூடுதல் அக்கறை. கோல்காப்பாளர் பார்போசா, பின்வரிசையில் ஆடிய பிகோடே, ஜுவெனல். மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள். அதில் பார்போசாவை நாடு கடைசிவரை விடவில்லை. 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, அபசகுனம் என்று திருப்பி அனுப்பினார்கள். பிரேசிலில் ஆகக் கூடிய சிறைத்தண்டனை முப்பது வருடம், நான் ஐம்பது வருடம் அனுபவிக்கிறேன் என்ற கருத்தில் அவர் சொன்னது பிரபலம். 2000 ஏப்ரலில் இறந்தார். உலகக் கிண்ணத்தில் பிரேசிலின் முதல் தெரிவுக் கோல்காப்பாளராக ஒரு கறுப்பினத்தவர் மறுபடி நிற்பதற்கு 2006 வரை, டீடா வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் இன்னொரு விசயமும் இருக்கு. ஆட்டத்தை விட்டபிறகு பார்போசா பல வருடம் வேலை பார்த்தது மரக்கானா மைதான நிர்வாகத்திலேயேதான். ஒவ்வொரு நாளும் அந்தக் கோல் கம்பங்களைத் தாண்டிப் போய் வேலை செய்திருக்கிறார் மனுசன்.

இனி ஜெராலுக்கு வருவோம்.

மரக்கானா முட்டை வடிவில் இரண்டு அடுக்கு. மேலே கொங்கிறீற் படிகள், பெரும்பான்மைச் சனம் அங்கே. கீழே கொஞ்சம் வசதியானவர்களுக்குக் கதிரைகள். அதற்கும் கீழே, மைதானத்தைச் சுற்றி ஓடுகிற அகழிக்கு இந்தப் பக்கம், ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் நிற்கக்கூடிய வட்டம் ஜெரால். இருக்கை இல்லை. கூரையும் இல்லை. மழை என்றால் நனையவேணும், வெயில் என்றால் காயவேணும். புல்லின் மட்டத்தில் நிற்பதால் மைதானத்தின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது, வீரர்களின் கால்தான் தெரியும். மேலே இருப்பவர்கள் குடித்துவிட்டுக் குவளையை வீசுவார்கள். குவளைக்குள் எப்போதும் பியர்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆட்டம் பார்க்க மைதானத்திலேயே மோசமான இடம் இதுதான், சந்தேகமே இல்லை.

அப்படியிருந்தும் சனம் வந்தது. ரிக்கற் விலை அவ்வளவு குறைவு. மேசன் வேலை, வீட்டு வேலை, தெரு வியாபாரம் செய்கிறவர்கள், ஃபவேலாக்களில் இருந்து வரும் பெடியள். அவர்களுக்கு 'ஜெரால்டீனோ' என்று பெயர். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீரர்கள் இருந்ததால் அவர்களோடு நேரடியாகவே கதைப்பார்கள், ஏசுவார்கள், பயிற்றுவிப்பாளருக்கு யாரை மாற்றுவது என்று புத்தி சொல்லுவார்கள். பந்து இந்தப் பக்கம் வந்தால் வட்டத்தைச் சுற்றி அதோடு சேர்ந்து ஓடுவார்கள். அதுவும் கதிரை இல்லாததால்தான் முடிந்தது. பற்மானாகவும் பேயாகவும் பாதிரியாராகவும் வேசம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சிக் கமராக்கள் இடைவேளையில் தேடியது இவர்களைத்தான்.

இதை ஒரு சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. நகரத்தின் வர்க்கப் பிரிவு அப்படியே கட்டடத்துக்குள்ளும் இருந்தது. ஏழை கீழே நனைய, வசதியானவர் மேலே கூரைக்குள். ஆனால் எல்லாரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தார்கள். 1963இல் ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே கழகங்கள் மோதிய ஆட்டத்துக்கு ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் சனம் வந்தது. கழக ஆட்டம் அது, உலகக் கிண்ணம்கூட இல்லை.

மாற்றம் ஒரு மரணச் செய்தியோடு வந்தது. 1992 யூலை 19இல் ஃபிளமெங்கோ, பொட்டஃபோகோ மோதிய தேசியச் சம்பியன்சிப் இறுதியாட்டத்துக்கு முன்னர், மேல்தளக் கம்பித்தடுப்பு உடைந்து சனம் கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள், பல பத்துப்பேர் காயம். மைதானத்தைப் பராமரிக்காமல் விட்டதன் விளைவு அது. அதற்குப் பிறகு கூட்டத்தைக் குறைக்கவேணும் என்று சொன்னதில் பிழை காண முடியாது. 2000ஆம் ஆண்டு கழகங்களுக்கான முதலாவது உலகச் சம்பியன்சிப் போட்டியை ஒட்டி மேல்தளத்தில் கதிரைகள் போட்டார்கள். 2005இல் ரியோவில் நடக்கவிருந்த பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டிக்காக என்று ஜெராலையே மூடினார்கள். மைதானத்தை ஒரு மீற்றருக்கு மேல் தாழ்த்தி, நின்ற இடத்தில் கதிரை வைத்தார்கள். பீஃபாவின் பெரிய போட்டிகளுக்கு எல்லா இடமும் இருக்கையாக இருக்கவேண்டும் என்பது விதி. பிரேசில் 2014ஐ நடத்தும் கனவில் இருந்தது.

பாதுகாப்புக்காகத்தானே என்று கேட்கலாம். இந்த இடத்தில் இங்கிலாந்துக்கு ஒருதரம் போய்வரவேண்டும், ஏனென்றால் 'எல்லாரும் இருந்து பார்க்கவேண்டும்' என்ற அலை அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. 1989இல் ஷெஃபீல்ட் நகரத்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்று பார்க்கும் பகுதியில் நெரிபட்டு 97 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை, பெரிய மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாக மாறவேண்டும் என்று சொன்னது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதுவரைதான். அதே அறிக்கை, இருக்கை போடுவதற்காக ரிக்கற் விலையைப் பெரிதாக ஏற்றத் தேவையில்லை என்றும் சொன்னது. கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் நிற்பதற்கு 4 பவுண், இருப்பதற்கு 6 பவுண்தான் என்று உதாரணமும் காட்டியது. கதிரை ஒரு முடிவு, விலை இன்னொரு முடிவு. இரண்டும் வேறு வேறு. பாதுகாப்பு என்ற சொல்லை முன்னுக்கு வைத்து இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்றுவிட்டார்கள் என்பது எங்கட வாசிப்பு. இங்கிலாந்திலும் அப்படி, ரியோவிலும் அப்படி.

2010 செப்டெம்பரில் மரக்கானா மறுபடி மூடப்பட்டது. இந்த முறை திருத்தம் என்ற சொல்லே பொருந்தாது. உள்ளே இருந்த இரண்டு அடுக்கையும் உடைத்து ஒரே கிண்ணமாகக் கட்டினார்கள். பழைய கொங்கிறீற் கூரையையும் இடித்தார்கள். 2000ஆம் ஆண்டில் தேசிய மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் அது. அதைப் பாதுகாக்க வேண்டிய திணைக்களமே இடிப்பதற்கும் அனுமதி கொடுத்தது. வெளிச்சுவர் மட்டும் பழசு, உள்ளே இருப்பது முழுக்கப் புதிசு. இருக்கைகள் எழுபத்தொன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2013இல் நிர்வாகத்தை 35 வருடத்துக்கு ஓடெபிரெக்ட் நிறுவனம் தலைமை தாங்கிய கூட்டுக்குக் கொடுத்தார்கள். கட்டின கூட்டிலும் அதே நிறுவனம் இருந்தது. அப்போது மாநில ஆளுநராக இருந்த சேர்ஜியோ கப்ரால் 2016இல் கைதானார். அவர்மீதான குற்றச்சாட்டுகளில் மரக்கானா வேலைகளுக்கு வாங்கிய லஞ்சமும் அடக்கம். பிறகு ஊழல் வழக்குகளில் தண்டனையும் பெற்றார்.

மைதானத்துக்குள் இருந்து சனம் வெளியே போன அதே வருடங்களில், மைதானத்தைச் சுற்றி இருந்த சனமும் வெளியே போகவேண்டி வந்தது. எட்டிப் பார்க்கும் தூரத்தில் மெட்ரோ என்ற ஃபவேலா. ரியோவின் சுரங்க ரயில்பாதையை அமைத்த தொழிலாளர்களால் உருவான குடியிருப்பு, சுமார் 700 குடும்பம். 2010இல் இருந்து வீடுகள் இடிபட்டன. முதலில் போனவர்களை நகரத்தின் மேற்கு எல்லையில் உள்ள கொஸ்மோஸுக்கு அனுப்பினார்கள். வேலைக்கு வந்துபோகவே பல மணித்தியாலம் பிடிக்கிற தூரம். மைதானத்தோடு இருந்த செலியோ டி பாரோஸ் தடகள அரங்கின் ஓடுபாதை, வாகனத் தரிப்பிடத் தேவைக்காக மூடப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் நடக்கப்போகிற நகரத்தில் ஓட்டவீரர்கள் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்தார்கள்.

பக்கத்திலேயே பழைய ஆதிக்குடிகள் நூதனசாலைக் கட்டடம். நூதனசாலை 1970களின் கடைசியில் வேறிடம் போனபிறகு பாழடைந்து கிடந்ததை, 2006இல் பல ஆதிக்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் வந்து தங்கி 'மரக்கானா கிராமம்' ஆக்கினார்கள். அரசாங்கம் அதை இடிக்க நினைத்தது. 2013 மார்ச் 22இல் கலகம் அடக்கும் பொலிஸ் கண்ணீர்ப்புகையோடு வந்து அவர்களை வெளியேற்றியது. தூப்பிப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மைதானத்தின் வாசலில் இது நடந்தது. அதற்குக் கொஞ்சத் தூரத்தில் ஃபிரீடன்ரைக் பாடசாலை. பிரேசிலின் முதல் பெரிய உதைபந்தாட்ட நட்சத்திரம் ஆர்தர் ஃபிரீடன்ரைக்கின் பெயர். ஜேர்மன் வம்சாவளித் தகப்பனுக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். அந்தப் பாடசாலையையும் திட்டத்தில் இடிப்பதாகவே இருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் மாதக் கணக்காகப் போராடினார்கள்.

2013 யூனில் சாவோ பாவுலோவில் பஸ் கட்டணம் 20 சென்டாவோ கூடியதில் தொடங்கின போராட்டம் நாடு முழுக்கப் பரவியபோது, கைகளில் இருந்த பதாகைகளில் ஒன்று, எங்களுக்கு 'பீஃபா தரத்தில்' ஆசுப்பத்திரி வேணும் என்பது. யூன் 30இல் மரக்கானாவுக்குள் பிரேசில் ஸ்பெயினை 3–0 என வென்று கொன்ஃபெடரேசன் கிண்ணத்தை எடுத்தது. வெளியே கண்ணீர்ப்புகை.

அடுத்த வருட உலகக் கிண்ணத்தின்போது பெலோ ஒரிசோன்ட்டேயில் நடந்த பிரேசில்–சிலி ஆட்டத்துக்கு வந்தவர்களிடம் டேட்டாஃபோல்யா நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர், பத்தில் ஒன்பது பேர் வசதியான மேல்மட்ட வகுப்பினர். 2010 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் பாதிச் சனம் தங்களைக் கறுப்பர் அல்லது கலப்பினத்தவர் என்று பதிந்திருந்தது. அந்த வருடம் தொலைக்காட்சியில் நடுச்சாமத்தில் ஆட்டம் பார்த்த எங்களில் சிலருக்கு, கமரா காட்டிய பிரேசில் ரசிகர் முகங்கள் ஏன் ஆடுகிற வீரர்களின் முகங்கள் மாதிரி இல்லை என்று அந்த வயதில் விளங்கவில்லை.

2016 ஒலிம்பிக் முடிந்து சில மாதத்தில் மைதானம் அநாதையாகக் கிடந்தது. ஒலிம்பிக் ஏற்பாட்டாளரும் நிர்வாக நிறுவனமும் யார் பொறுப்பு என்று இழுபறிப்பட, புல் காய்ந்து மண்ணிறமானது, கதிரைகள் கழன்றன, கட்டணம் கட்டாமல் மின்சாரம் வெட்டப்பட்டது. 2017 தொடக்கத்தில் உள்ளே புகுந்த கள்ளர் கொண்டுபோனவற்றில் மாரியோ ஃபில்யோவின் மார்பளவுச் சிலையும் ஒன்று. 2019இல் மாநில அரசு ஒப்பந்தத்தை முறித்து, ஃபிளமெங்கோவிடமும் ஃபுளுமினென்சேயிடமும் நிர்வாகத்தைக் கொடுத்தது.

உலகக் கிண்ணம் வேண்டுமென்றால் இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்று சொல்பவர்களுக்கு ஜேர்மனியைக் காட்டலாம். டோர்ட்மண்ட் மைதானத்தின் தெற்குப் பகுதியில் ஏறக்குறைய 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். 2006 உலகக் கிண்ணம் அங்கேயும் நடந்தது, அதே பீஃபா விதியின்கீழ். போட்டிக்கு மட்டும் கதிரை பூட்டினார்கள். போட்டி முடியக் கழற்றினார்கள். சனம் பழையபடி வந்து நின்றது. ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களுக்கும் பல வருடம் இதே கழற்றிப் பூட்டுகிற வேலைதான். ரியோவில் அப்படி ஒரு யோசனைக்கு இடமே இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே கதிரையோடு சேர்த்துப் பார்வையாளரையும் மாற்றுவதுதான் கணக்காக இருந்தது.

ஃபிரீடன்ரைக் பாடசாலையை இடிக்கிற திட்டம் 2013 ஓகஸ்ட்டுக்குள் கைவிடப்பட்டது. நூதனசாலைக் கட்டடத்தையும் இடிக்கவில்லை. வெளியேற்றப்பட்ட ஆதிக்குடிகளில் ஒரு பகுதியினர் பிறகு திரும்பி வந்துவிட்டார்கள். ஆட்ட நாட்களில் ரிக்கற்றோடு உள்ளே போகிறவர்கள் அந்தப் பழைய கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.